பாட்டு முடிந்த அன்றே எழுதிவிடுங்கள்

சென்னையில் சொந்தப் பாட்டு போடும் இசைக்குழுக்கள் வக்கீலைத் தேடி வருவது பெரும்பாலும் பிரிந்த பிறகுதான். ஒருவர் வெளிநாட்டு வேலைக்குப் போயிருப்பார், இல்லையென்றால் சினிமா வாய்ப்பு வந்து விலகியிருப்பார். பணத் தகராறு என்றுதான் ஆரம்பிப்பார்கள். உட்கார வைத்துப் பேசினால், "என் பேரைப் போடலை மேடம்" என்பதில் வந்து நிற்கும்.

இந்த வட்டத்தில் பெரிய கம்பெனி கிடையாது, முதலீடும் கிடையாது. ஒருவருடைய டிரம்மர் இன்னொரு குழுவுக்கும் வாசிப்பார். உன் ஷோவுக்கு நான் வருகிறேன், என் ஷோவுக்கு நீ வா என்பதுதான் சம்பளம். நட்புதான் மூலதனம் என்பதால், அது கெடும்போது ஒரு குழு மட்டும் கலைவதில்லை. சுற்றியுள்ள நாலு குழுக்களும் பக்கம் பிரிந்து நிற்கும். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நாம் ஒரு பாட்டு என்று சொல்வதில் சட்டப்படி மூன்று உரிமைகள் இருக்கின்றன. வரிகள் தனி, மெட்டு தனி, ஒலிப்பதிவு தனி. வரிகளும் மெட்டும் பொதுவாக எழுதியவருக்கும் இசையமைத்தவருக்கும் சொந்தம். ஒலிப்பதிவு அப்படியில்லை. அதை உருவாக்க முன்முயற்சியும் பொறுப்பும் எடுத்தவர்தான் அதன் தயாரிப்பாளர். சாலிகிராமத்தில் ஸ்டூடியோ பேசி, வாடகையைத் தன் ஜிபேயிலிருந்து கட்டிய நண்பர், நாளைக்கு ஒலிப்பதிவு முழுக்கத் தனக்கே என்று வாதாட இடமுண்டு. "எல்லாருக்கும் சமம்தானே" என்று மற்றவர்கள் மனதில் நினைத்திருந்தது எங்கும் எழுத்தில் இருக்காது.

என்னிடம் வந்த ஒரு விவகாரத்தில், மெட்டு யாருடையது என்பதே கேள்வி. கீபோர்டு வாசித்தவர் லேப்டாப்பில் முழுப் பாட்டையும் கட்டியிருந்தார். பாடியவருக்கோ நொட்டேஷன், அதாவது ஸ்வரக் குறிப்பு, எழுதத் தெரியாது. அவர் போனைத் தேடி எடுத்தார். நள்ளிரவில் குழுவுக்கு அனுப்பிய வாய்ஸ் நோட் ஒன்று. மின்விசிறிச் சத்தத்துக்கு நடுவே, வார்த்தை இல்லாமல் தத்தகாரத்தில் பல்லவி முழுவதும் இருந்தது. 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, நொட்டேஷனாக எழுதினாலும் எழுதாவிட்டாலும் இசையமைத்தவர் இசையமைத்தவர்தான். அந்த வாய்ஸ் நோட்டைக் கேட்ட பிறகு கீபோர்டு கலைஞரே கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் இருவர் பெயரையும் போட ஒத்துக்கொண்டார்கள். போன் மாற்றும்போது இப்படிப்பட்டவற்றை அழித்துவிடாதீர்கள். நீதிமன்றம் வரை போனால் மின்னணுச் சாட்சியத்துக்குச் சான்றிதழ் தேவைப்படும், மூலக் கருவியும் கையில் இருப்பது நல்லது.

வாசித்தவர்களுக்கும் உரிமை உண்டு. தான் வாசித்ததற்குத் தன் பெயரைக் குறிப்பிடும்படி கேட்கும் உரிமையை 2012 திருத்தம் தந்திருக்கிறது. நிகழ்த்துகலைஞர் உரிமை 50 ஆண்டுகள் நிற்கும். ஆனால் ஒரு கிடார் ரிஃப், அதாவது பாட்டில் திரும்பத் திரும்ப வரும் சின்ன இசைத் துணுக்கு, வெறும் வாசிப்பா, இசையமைப்பில் சேர்ந்ததா? இதற்குச் சட்டத்தில் நேரடிப் பதில் இல்லை. அந்த ரிஃபை எடுத்துவிட்டால் பாட்டை அடையாளம் தெரியாது என்றால், அதைப் போட்டவருக்கு மெட்டில் பங்கு கொடுங்கள் என்றுதான் நான் சொல்வேன்.

தீர்வு ஒரே ஒரு தாள். ஸ்பிளிட் ஷீட் என்பார்கள். தமிழிலேயே எழுதலாம். பாட்டின் பெயர், தேதி, வரிகள் யார், மெட்டு யார், யார் யார் வாசித்தது, செலவு யாருடையது, அது முதலில் திரும்பி வர வேண்டுமா, பிறகு வருவதில் யாருக்கு எத்தனை சதவீதம், பெயர்கள் எந்த வரிசையில், எல்லோர் கையெழுத்தும். மிக்சிங் (தனித்தனியாகப் பதிந்த ஒலிகளைச் சேர்த்துச் சமன் செய்வது) முடிந்து பாட்டை முதல் முறை முழுசாகக் கேட்கும் அன்றைக்கே போட்டுவிடுங்கள். ஸ்ட்ரீமிங் எண்ணிக்கை ஏறிய பிறகு இதே பேச்சு வேறு மாதிரி போகும்.

"நண்பர்களுக்குள் எழுத்தா, நம்பிக்கை இல்லையா" என்று கேட்கிறார்கள். தாய்மாமன் மொய் வைத்தாலும் நோட்டில் எழுதுகிறோமே, யாராவது கோபித்துக்கொள்கிறார்களா?

சினிமாவில் சேர்ந்தே இசையமைத்த விஸ்வநாதனும் ராமமூர்த்தியும் 1965-இல் தனித்தனியே போனார்கள். முப்பது ஆண்டு கழித்து ஒரு படத்துக்காக மறுபடி சேர்ந்தார்கள். சேர்ந்து போட்ட பாட்டுகளுக்கு இரண்டு பெயரும் டைட்டிலிலேயே இருந்ததால், இன்றைக்கும் சேர்த்துத்தான் சொல்கிறோம்.

லேபிள், அதாவது பாட்டை வெளியிடும் இசை நிறுவனம், ஒன்று ஒப்பந்தத்தோடு வந்தால் தனியாகக் கையெழுத்துப் போடாதீர்கள். கூட்டாக உருவாக்கிய படைப்பை மற்றவர் சம்மதமில்லாமல் ஒருவர் கொடுத்தால் அங்கேயே வழக்கு பிறக்கும். உரிமை மாற்றம் எழுத்தில் இருக்க வேண்டும். காலம் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டுகள், எல்லை குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும் என்று சட்டம் எடுத்துக்கொள்ளும். பாடலாசிரியரும் இசையமைப்பாளரும் தங்கள் ராயல்டி பங்கை லேபிளுக்கு விட்டுக்கொடுக்க முடியாது, விட்டுக்கொடுத்ததாக எழுதினாலும் செல்லாது. இந்த இருவரும் இவர்களுக்கான ராயல்டியை வசூலித்துத் தரும், 1969 முதல் இயங்கும் ஐபிஆர்எஸ் அமைப்பில் உறுப்பினராகச் சேர்ந்து வைப்பது நல்லது.

கடைசியாக, விலகுகிறவர் விஷயம். குழுவின் பெயரை இனி யார் பயன்படுத்தலாம், பழைய பாட்டில் அவர் பங்கு தொடருமா என்பதையும் அதே தாளில் எழுதுங்கள். பாட்டை ஏற்றிய கணக்கு பெரும்பாலும் ஒருவருடைய மின்னஞ்சலில்தான் இருக்கும். அதைக் குழுவுக்கென்று தனி மின்னஞ்சலுக்கு மாற்றி, பாட்டை கம்ப்யூட்டரில் கட்டிய மூலக் கோப்பான புராஜெக்ட் ஃபைலை ஆளுக்கொரு ஹார்டு டிஸ்க்கில் வைத்துக்கொள்ளுங்கள்.