ஐந்தாம் படையும் அறைபோன படையும்

தேர்தல் காலத்தில் திருகோணமலைத் தேநீர்க்கடைகளில் எந்த வேட்பாளரின் பெயரை எடுத்தாலும் அடுத்த கேள்வி, "அவருக்குப் பின்னால ஆர் நிக்கிறது?" என்பதுதான். கேட்பவர்களைக் குறை சொல்ல முடியாது, ஊர் அப்படிப்பட்டது. 1987 இல் இந்திய-இலங்கை ஒப்பந்தத்தோடு பரிமாறிய கடிதங்களில் இந்தத் துறைமுகம் பெயர் சொல்லியே வருகிறது. இந்திய நலனுக்குப் பாதகமாக எந்த நாட்டு இராணுவமும் இதைப் பயன்படுத்த இடம்கொடுக்கக் கூடாது என்பது அதன் சாரம். சீனன்குடா எண்ணெய்த் தாங்கிகளும், வெளிநாட்டு வானொலி நிலையங்கள் உளவு வேலைக்குப் பயன்படக் கூடாது என்ற நிபந்தனையும் அதே கடிதங்களில்தான் இருக்கின்றன. இத்தனையும் எழுத்தில் இருக்கும் ஊரில், பேச்சு சூடேறினால் யாராவது ஒருவர் 'ஐந்தாம் படை' என்று ஒரு சொல்லைத் தூக்கிப் போடுவது வழக்கம்.

கேட்க நம்முடைய சொல் போலவே இருக்கிறது. தேர், யானை, குதிரை, காலாள் என்று நாற்படை சொல்லிப் பழகிய மொழி அல்லவா, ஐந்தாவது ஒன்று சேர்ந்தால் காதுக்கு உறுத்தவில்லை. ஆனால் சொல் பிறந்தது ஸ்பெயினில். 1936 இல் உள்நாட்டுப் போரின்போது, அரசை எதிர்த்துக் கிளம்பிய பிராங்கோவின் படைகள் மட்ரிட் நகரை நோக்கி நான்கு அணிகளாக நகர்ந்தன. நகரத்துக்குள்ளேயே தங்களுக்கு ஐந்தாவது அணி ஒன்று காத்திருக்கிறது என்று பிராங்கோ பக்கத்து ஜெனரல் மோலா சொன்னதாகப் பேச்சு பரவியது. மட்ரிட் 1939 மார்ச் வரை விழவில்லை. அந்தப் பேச்சு கிளப்பிய பீதி மட்டும் உடனே வேலை செய்தது. 1936 நவம்பர், டிசம்பரில் மட்ரிட் சிறைகளில் பிராங்கோ ஆதரவாளர்கள் என்ற சந்தேகத்தில் இருந்த கைதிகள் ஆயிரக்கணக்கில் வெளியே கொண்டுபோகப்பட்டு, பராகுவெல்லோஸ் என்ற இடத்தில் சுட்டுக் கொல்லப்பட்டார்கள்.

சொல்லின் குணம் அங்கேயே தெரிந்துவிடுகிறது. அது உள்ளே இருப்பவனைத்தான் காட்டும். 1942 இல் அமெரிக்கா தன் மேற்குக் கரையோர ஜப்பானிய வம்சாவளியினர் சுமார் 120,000 பேரை முகாம்களில் அடைத்தபோதும் இதே சொல்தான் கைகொடுத்தது. பெரிய நாடொன்று சின்ன நாட்டின் அரசியலுக்குள் மறைவாகக் கைவைப்பதைச் சொல்ல இந்தச் சொல் போதாது. பணம் கொடுத்தவன், ஆள் பிடித்தவன், திட்டம் போட்டவன் எல்லாரும் சொல்லுக்கு வெளியே நின்று தப்பிவிடுகிறார்கள். பழி முழுவதும் பக்கத்து வீட்டுக்காரன் தலையில்.

சரி, தமிழில் என்ன இருக்கிறது? 'உட்பகை' என்று குறளில் ஓர் அதிகாரமே இருக்கிறது. அதுவும் உள்ளே இருப்பவனோடு நின்றுவிடுகிறது. நமக்கு வேண்டியது அரண் அதிகாரத்தில் கிடக்கிறது:

முற்றியும் முற்றா தெறிந்தும் அறைப்படுத்தும்
பற்றற் கரியது அரண். (747)

கோட்டையைப் பிடிக்க மூன்று வழி. சுற்றி வளைக்கலாம், வளைக்காமல் பாய்ந்து தாக்கலாம், அல்லது உள்ளிருப்பவர்களை 'அறைப்படுத்தலாம்', அதாவது அவர்களைத் தன் பக்கம் திருப்பிக் காட்டிக்கொடுக்க வைக்கலாம். படைமாட்சியில் இதன் மறுபக்கம் வருகிறது: 'அழிவின்றி அறைபோகா தாகி' (764). நல்ல படை அறைபோகாது, பகைவரால் கீழறுக்கப்படாது என்று பரிமேலழகர் உரை சொல்கிறது. பள்ளியில் சிலப்பதிகாரம் படித்தவர்களுக்கு, 'அறிவறை போகிய பொறியறு நெஞ்சத்து' என்று கண்ணகி வாயிலோனிடம் சீறும் அடி நினைவிருக்கும். மன்னனுக்குத் துணை நிற்க வேண்டிய அறிவே அவனைக் கைவிட்டுப் போய்விட்டதாம்.

அறைபோதல் தன்வினை, அறைப்படுத்தல் பிறவினை. போனவனுக்கு ஒரு சொல், போக வைத்தவனுக்கு ஒரு சொல். ஐந்தாம் படையில் இல்லாதது இந்த இரண்டாவதுதான்.

குறளுக்கு உதாரணம் தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. 1795 ஆகஸ்டில் ஆங்கிலேயர் திருகோணமலையில் இறங்கி, இன்றைய பிரெட்ரிக் கோட்டையை முற்றுகையிட்டு, பீரங்கியால் மதிலை உடைத்து ஒல்லாந்தரிடமிருந்து பிடித்தார்கள். எல்லாம் பட்டப்பகலில் நடந்த சங்கதி. கொழும்புக்கு வழி வேறு. அங்கே ஒல்லாந்தரின் காவலுக்கு முதுகெலும்பாக இருந்தது டி மியூரோன் என்ற சுவிஸ் கூலிப்படை. ஹியூ கிளெகோர்ன் என்ற ஸ்கொட்லாந்துப் பேராசிரியர், ஆம், பல்கலைக்கழகத்தில் வரலாறு கற்பித்தவர், ஐரோப்பாவில் இருந்த அந்தப் படையின் உரிமையாளர் பிரபுவைச் சந்தித்துப் பேரம் பேசி, ஆங்கிலேயர் பக்கம் இழுத்துக்கொண்டு, செங்கடல் வழியாக இந்தியாவுக்கே கூட்டி வந்தார். பிரபுவின் தம்பிதான் கொழும்பில் படைத்தலைவர். அவருக்குப் போன செய்தி ஒரு டச்சுச் சீஸ்கட்டிக்குள் ஒளித்து அனுப்பப்பட்டது என்பது கதை. சீஸ் உண்மையோ இல்லையோ, படை ஒல்லாந்தரை விட்டு விலகியது உண்மை. 1796 பெப்ரவரியில் கொழும்பு பெரிய சண்டை இல்லாமலே சரணடைந்தது.

இருபதாம் நூற்றாண்டில் கோட்டைக்குப் பதில் அரசாங்கம். 1953 இல் எண்ணெயைத் தேசியமயமாக்கிய ஈரானின் பிரதமர் மொசாடெக்கை அமெரிக்க, பிரித்தானிய உளவுத்துறைகள் சேர்ந்து கவிழ்த்தன. அடுத்த ஆண்டு குவாத்தமாலா. ஜனாதிபதி அர்பென்ஸின் நிலச்சீர்திருத்தம் அமெரிக்காவின் யுனைடெட் புரூட் கம்பனியின் தரிசு நிலங்களில் கைவைத்திருந்தது. அமெரிக்க உளவுத்துறையான சிஐஏ ஆயுதம் கொடுத்து அனுப்பிய காஸ்டியோ அர்மாஸின் ஆட்கள் சில நூறு பேர்தான். நாட்டுக்குள் காட்டிலிருந்து பேசுவதாகச் சொல்லிக்கொண்டு, வெளியிலிருந்து பேசிய வானொலி ஒன்று அவர்களைப் பெரும் சேனையாக்கிக் காட்டியது. நாட்டின் இராணுவம் சண்டையில் தோற்கவில்லை. அதிகாரிகள் சண்டையிட மறுத்துவிட்டார்கள். 1954 ஜூன் 27 அன்று அர்பென்ஸ் பதவி விலகினார். அறைபோன படைக்கு இதைவிட நேரான எடுத்துக்காட்டு கிடைக்காது.

அறைபோகாதவரும் உண்டு. சிலியில் 1970 இல் இடதுசாரித் தலைவர் அயெண்டே ஜனாதிபதியாவதைத் தடுக்க, சிஐஏயும் உள்நாட்டுச் சதிக்காரர்களும் இராணுவத்தைக் கிளப்பப் பார்த்தார்கள். தளபதி ரெனே ஷ்னைடர், இராணுவம் அரசியலமைப்புக்குக் கட்டுப்பட்டது என்று அசையாமல் நின்றார். அக்டோபர் 22 அன்று அவரைக் கடத்த வந்தவர்கள் சுட்டதில் மூன்று நாளில் இறந்தார். சதிக்காரர்களோடு சிஐஏ தொடர்பு வைத்து ஆயுதமும் கொடுத்திருந்ததை அமெரிக்க செனட்டின் விசாரணைக் குழுவே 1975 இல் வெளியிட்டது.

நம் பத்திரிகைகள் இப்படிப்பட்ட நிகழ்வுகளை 'இராணுவப் புரட்சி' என்று எழுதுவது இன்னொரு தொல்லை. மக்கள் எழுந்தால்தான் புரட்சி. வெளியாரின் பணத்தில் ஆட்சியைத் தள்ளிவிடுவது ஆட்சிக் கவிழ்ப்பு. அதற்கு முன்னே மறைவாக நடக்கும் வேலை கீழறுப்பு. தலைப்புக்குக் கீழறுப்பே போதும், படித்தவுடன் புரியும். செய்திக்குள் யார் யாரை என்று பிரிக்க வேண்டிய இடத்தில் குறளின் அந்த இரண்டு சொற்களையும் எடுக்கலாம்: 'குவாத்தமாலா இராணுவத்தை சிஐஏ அறைப்படுத்தியது', 'இராணுவம் அறைபோயிற்று'. சேர்த்துத்தான் எழுத வேண்டும். இடைவெளி விட்டால், அச்சில் பார்ப்பவர் இராணுவம் ஏதோ விடுதி அறைக்குப் போய்விட்டதாக நினைப்பார்.