கிரானோலா பாரை ஒட்ட வைப்பது எது?

போன மாதம் ஒரு தாய் என் மேசைமேல், ஓட்ஸையும் கொட்டைகளையும் இனிப்பால் ஒட்டவைத்துச் செய்யும் கிரானோலா பாரின் காலி கவர் ஒன்றை நீவி விரித்து வைத்தார். இரண்டாம் வகுப்பு படிக்கும் மகனுக்கு எடை கூடிக்கொண்டே போகிறது என்று குழந்தை மருத்துவர், உணவு ஆலோசகரான என்னிடம் அனுப்பியிருந்தார். "பிஸ்கட், சாக்லேட் எல்லாம் நிறுத்திட்டேன் மேடம். ஸ்நாக்ஸ் டப்பால காலைல ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு, இது மட்டும்தான். ஓட்ஸ், தேன், பாதாம்... நல்லதுதானே?"

கவரின் முன்பக்கத்தில் ஒரு மரக்கரண்டியிலிருந்து தேன் சொட்டிக்கொண்டிருந்தது. பின்பக்கத்தைத் திருப்பி அவரையே படிக்கச் சொன்னேன். எடையில் எது அதிகமோ அதுதான் பட்டியலில் முதலில் வரவேண்டும் என்பது நம் நாட்டு லேபிள் விதி. முதலில் ஓட்ஸ் இருந்தது. சரி. அதற்கப்புறம் சர்க்கரை. நாலைந்து பெயர் தள்ளி லிக்விட் குளுக்கோஸ். பிறகு இன்வெர்ட் சிரப். தேன் கடைசிக்குப் பக்கத்தில், 2 சதவீதம். இனிப்பு ஒன்றுதான், பெயர்தான் நான்கு. தனித்தனியாக எழுதும்போது ஒவ்வொன்றும் கீழே இறங்கிவிடுகிறது.

சத்து அட்டவணையில் 100 கிராமுக்கு 30 கிராம் சர்க்கரை. பார் 40 கிராம். அப்படியானால் ஒன்றில் 12 கிராம், இரண்டில் 24 கிராம். டீஸ்பூன் கணக்கில் கிட்டத்தட்ட ஐந்து. சேர்க்கும் சர்க்கரை, தேன், சிரப் எல்லாம் சேர்ந்து மொத்தக் கலோரியில் 10 சதவீதத்துக்குள் இருக்கவேண்டும், 5 சதவீதத்துக்குள் இருந்தால் இன்னும் நல்லது என்பது உலக சுகாதார நிறுவனம் 2015-ல் சொன்ன வரம்பு. 2000 கலோரி சாப்பிடும் பெரியவருக்கே அந்த 5 சதவீதம் என்பது 25 கிராம்தான். இந்தப் பையன் ஸ்நாக்ஸ் டப்பாவிலேயே அதைத் தொட்டுவிடுகிறான். பாலில் போடும் சர்க்கரை, ஜூஸ், பிறந்தநாள் மிட்டாய் எதையும் இன்னும் கணக்கில் சேர்க்கவில்லை.

"அப்போ வீட்லயே செஞ்சிடவா மேடம்?"

செய்யலாம். ஆனால் வீட்டில் செய்தாலே அது மருந்தாகிவிடும் என்ற நம்பிக்கையோடு செய்யவேண்டாம். என்னிடம் வருகிறவர்களில் பாதிப்பேர் சர்க்கரையை நிறுத்திவிட்டு அதே அளவு வெல்லத்தையோ தேனையோ பேரீச்சம்பழத்தையோ கொட்டுகிறவர்கள். பாருக்குள் இனிப்பு ருசிக்காக மட்டும் இல்லை, அதுதான் பசை. அதை எடுத்துவிட்டால் கையில் இருப்பது பார் இல்லை, கலவை. எனவே எந்தச் சர்க்கரை என்பதைவிட, எவ்வளவு குறைத்தால் இன்னும் ஒட்டும், துண்டு எவ்வளவு சின்னதாக இருக்கலாம் என்பதில்தான் நம் கைக்கு வேலை.

இது நமக்குப் புதுசும் இல்லை. கோவில்பட்டி கடலை மிட்டாய்க்கு 2020-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. நிலக்கடலை, வெல்லப்பாகு, அவ்வளவுதான். அதைச் சாப்பிடும் யாரும் 'டயட்டில் இருக்கிறேன்' என்று சொல்வதில்லை. மிட்டாய் என்று பெயரிலேயே இருக்கிறது. அதே கட்டுமானத்தில் கடலைக்குப் பதில் ஓட்ஸைப் போட்டு, நீளவாக்கில் வெட்டி, பழுப்புக் கவரில் சுற்றினால் அது 'ஹெல்த்' வரிசைக்குப் போய்விடுகிறது. இத்தனைக்கும் 1863-ல் அமெரிக்காவில் ஜேம்ஸ் கேலப் ஜாக்சன் என்ற மருத்துவர் தன் நோயாளிகளுக்காகச் செய்த முதல் 'கிரானுலா' கோதுமை மாவை இரண்டு முறை சுட்டு உடைத்த கட்டிதான். இரவே பாலில் ஊறவைத்தால்தான் பல்லுக்கு அடங்கும். அங்கிருந்து இந்தத் தேன் சொட்டும் கவருக்கு வந்து சேர்ந்திருக்கிறோம்.

நான் முதன்முதலில் செய்த பாரைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். தேனைச் சூடாக்கக்கூடாது என்று பாட்டி சொன்னது மனதில் இருந்ததால் பச்சையாகவே ஊற்றிப் பிசைந்து, ஃபிரிட்ஜில் வைத்து, பெருமையாகக் கத்தியை வைத்தேன். புட்டு மாதிரி உதிர்ந்தது. வீட்டுக்காரர் ஒன்றும் பேசாமல் கிண்ணத்தில் அள்ளி, பால் ஊற்றிச் சாப்பிட்டுவிட்டு, "நல்லாத்தானே இருக்கு" என்றார். உண்மையில் அதுதான் கிரானோலா. பாராகத்தான் ஆகவில்லை.

இப்போது நான் செய்யும் அளவு இது. ரோல்டு ஓட்ஸ் 100 கிராம், நிலக்கடலை 75, பொட்டுக்கடலை 25, எள் 20, பூசணி விதை 20, கொட்டை நீக்கிய பேரீச்சம்பழம் 100, வெல்லம் 60. ஒரு சிட்டிகை உப்பு, கொஞ்சம் சுக்குப்பொடி, ஏலக்காய். உப்பை விட்டுவிடாதீர்கள், வெல்லத்தைக் குறைத்தது தெரியாமல் இருப்பதே அந்தச் சிட்டிகையால்தான். 'இன்ஸ்டன்ட்' என்று போட்ட ஓட்ஸ் வேண்டாம், பாகு பட்டதும் மாவாகிவிடும். ஓட்ஸே வேண்டாம் என்றால் கெட்டி அவலை வறுத்துப் போடுங்கள். சிகப்பரிசி அவல், கம்பு அவல் இரண்டும் எனக்கு ஓட்ஸைவிடப் பிடிக்கும். மொறுமொறுப்பு கூடுதல், விலையும் குறைவு. ஓட்ஸில் இருக்கும் பீட்டா குளுக்கன் என்ற நார்ச்சத்து அவலில் கிடைக்காது என்பது மட்டும் வித்தியாசம்.

கடலையை வறுக்கும் முன் தட்டில் பரப்பி ஒரு தடவை கண்ணால் பாருங்கள். சுருங்கியது, கறுத்தது, பூஞ்சை பிடித்தது எல்லாவற்றையும் பொறுக்கிப் போட்டுவிடவேண்டும். பூஞ்சையிலிருந்து வரும் அஃப்ளடாக்சின் என்ற நச்சு கல்லீரலைக் கெடுக்கும். அடுப்பில் வறுத்தால் முழுக்கப் போய்விடாது. 'கொஞ்சம் கசந்துச்சு, வறுத்ததும் சரியாயிடுச்சு' என்று சொல்கிறவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். கசந்தால் துப்பிவிடுங்கள்.

ஓட்ஸ், எள், விதைகளைத் தனித்தனியாக, சிறுதீயில் வறுக்கவேண்டும். ஒன்றாகப் போட்டால் ஓட்ஸ் நிறம் மாறுவதற்குள் எள் கருகிவிடும். கடலையை வறுத்து, தோலைத் தேய்த்து, முறத்தில் புடைத்து, பாதியை ஒன்றிரண்டாக உடைத்து வையுங்கள். மீதிப் பாதியை மிக்ஸியில் எண்ணெய் பிரியும்வரை அரைத்தால் விழுதாகிவிடும். இந்த விழுதும் பசைதான். வெல்லத்தை 60 கிராமுக்குக் குறைக்க முடிந்ததே இதனால்தான்.

வெல்லத்தில் இரண்டு மேசைக்கரண்டி தண்ணீர் விட்டுக் கரைத்து, மண் போக வடிகட்டி, மறுபடி அடுப்பில் ஏற்றுங்கள். நுரை பெரிதாக வந்து அடங்கும்போது ஒரு கிண்ணத் தண்ணீரில் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள். கரைந்து பரவினால் இன்னும் ஆகவில்லை. விரலால் கூட்டினால் இளக்கமாக உருண்டு வரவேண்டும். அதிரசத்துக்குப் பாகு பார்த்துப் பழகிய கைக்கு இதைச் சொல்லவே வேண்டாம். அந்த உருண்டையைத் தட்டில் போட்டால் 'டக்' என்று சத்தம் வரும்வரை விட்டீர்கள் என்றால் கடலை மிட்டாய்ப் பதம். பல் இருக்கிறவர்கள் மட்டும் சாப்பிடலாம். இளம் உருண்டையிலேயே தீயைக் குறைத்து, பொடியாக நறுக்கிய பேரீச்சையைப் போட்டு மசித்துக் கிளறுங்கள். பேரீச்சையைத் தண்ணீரில் ஊறவைத்து அரைத்துப் போடும் வழக்கம் இருக்கிறது. அந்தத் தண்ணீர் உள்ளேயே நின்று மூன்றாம் நாள் பூஞ்சை பிடிக்கும், எனக்கு ஆகாது. அடுப்பை அணைத்துவிட்டுக் கடலை விழுது, உப்பு, சுக்கு, ஏலக்காய், பிறகு பொட்டுக்கடலை, உடைத்த கடலை, வறுத்ததெல்லாம். நெய் தடவிய தட்டில் கொட்டி, மேலே பட்டர் பேப்பர் விரித்து, டம்ளரின் அடிப்பாகத்தால் அழுத்துங்கள். லேசாகத் தட்டினால் போதாது, உடம்பின் கனம் இறங்கவேண்டும். உதிர்ந்துபோகும் பார்களில் முக்கால்வாசி இந்த அழுத்தத்தில்தான் தோற்கின்றன. வெதுவெதுப்பாக இருக்கும்போதே பதினாறு துண்டாகக் கோடு போட்டுவிடுங்கள்.

ஒரு துண்டு சுமார் 25 கிராம். ஏறக்குறைய 100 கலோரி, 3 கிராம் புரதம், 7 முதல் 8 கிராம் சர்க்கரை. ஆமாம், என் பாரிலும் ஒன்றரை டீஸ்பூன் இருக்கிறது. கிராமுக்குக் கிராம் பார்த்தால் அந்தத் தாய் கொண்டுவந்த கவரிலிருந்து பெரிய வித்தியாசம் இல்லை என்றுகூடச் சொல்லலாம். ஆனால் அதில் பாதிக்குச் சற்று மேல் பழத்தோடு, நாரோடு வருகிறது. துண்டும் சின்னது, ஒன்றோடு நிறுத்த முடிகிறது. நான் கண்ட லாபம் அவ்வளவுதான். ஜிம்முக்குப் போகும் தம்பிகள் 3 கிராம் புரதத்தைக் கேட்டு முகம் சுளிக்கிறார்கள். ஒரு முட்டையில் 6 கிராம் இருக்கிறது தம்பி, அதை அவித்துச் சாப்பிடுங்கள். புரோட்டீன் பவுடரை இதில் கொட்டினால் கலவை வறண்டு, அதை நனைக்க இன்னும் பாகு தேவைப்படும்.

யாருக்குச் செய்கிறோம் என்பதைப் பொறுத்து மாற்றவேண்டியவை சில உண்டு. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைக்கு முழுக் கடலை, முழு பாதாம் கூடாது; தொண்டையில், மூச்சுக்குழாயில் சிக்கும். எல்லாவற்றையும் பொடித்துத்தான் சேர்க்கவேண்டும். ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் தேன் ஒரு சொட்டுகூட வேண்டாம், நாக்கில் தடவுவதும் வேண்டாம். அபூர்வம்தான் என்றாலும் பாட்டுலிசம் என்ற கடுமையான நோய் வரலாம். பள்ளிக்குக் கொடுத்து அனுப்புவதென்றால் வகுப்பில் யாருக்காவது கடலை ஒவ்வாமை உண்டா என்று ஆசிரியரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். பேரீச்சை பல்லிடுக்கில் ஒட்டும், சாப்பிட்டதும் வாய் கொப்பளிக்கப் பழக்குங்கள். டயாலிசிஸ் செய்துகொள்கிறவர்கள் வீட்டில் இருந்தால், 'சத்தானது' என்று ஆசையாக இதை நீட்டாதீர்கள். பேரீச்சை, கடலை, விதைகளில் உள்ள பொட்டாசியமும் பாஸ்பரஸும் அவர்களுக்குச் சுமை.

சர்க்கரை நோய் பற்றிக் கொஞ்சம் நிறுத்திச் சொல்லவேண்டும். அறுபது வயது தாண்டிய ஐயா ஒருவர், இன்சுலின் போடுகிறவர், 'சுகர் ஃப்ரீ' என்று போட்ட பாரைத் தினம் இரண்டு சாப்பிட்டுவிட்டு வயிற்றுப்போக்கோடு வந்தார். "ஏம்மா, சர்க்கரையே இல்லன்னு போட்டிருக்கானே, அப்புறம் ஏன் இப்படிப் போகுது?" கவரில் மால்டிடால் என்ற மாற்று இனிப்பு, 965 என்ற எண்ணோடு. அளவு மீறினால் வயிறு உப்பும், போக்காகும். அது ரத்தச் சர்க்கரையைக் கொஞ்சமாவது ஏற்றவும் செய்யும்.

அதைவிட என்னைத் திடுக்கிட வைத்தது அவர் பேச்சுவாக்கில் சொன்ன இன்னொன்று. வெளியே போகும்போது சர்க்கரை இறங்கினால் உதவட்டும் என்று சட்டைப்பையில் ஒரு கிரானோலா பார் வைத்திருப்பாராம். ஒருநாள் பஸ்ஸில் கை நடுங்கி, வியர்த்துக் கொட்டியபோது அதைத்தான் மென்றிருக்கிறார். கால் மணி நேரமாகியும் நடுக்கம் அடங்கவில்லை. பக்கத்து சீட்டுக்காரர் ஜூஸ் வாங்கிக் கொடுத்த பிறகுதான் கண் தெளிந்ததாம். கடலையிலும் விதையிலும் உள்ள கொழுப்பு, சர்க்கரை ரத்தத்தில் ஏறுவதைத் தாமதப்படுத்தும். மற்ற நேரத்தில் அது நல்லது, அந்த நேரத்தில் ஆபத்து. சர்க்கரை தாழ்ந்தால் 15 கிராம் குளுக்கோஸ், அது இல்லையென்றால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கவேண்டும். 15 நிமிடம் கழித்துச் சோதித்து, ஏறவில்லை என்றால் மறுபடி அதே அளவு. ஆள் மயக்கத்தில் இருந்தால் வாயில் எதையும் ஊற்றக்கூடாது, ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டுபோகவேண்டும். பாரெல்லாம் சர்க்கரை ஏறி நிலைப்பட்ட பிறகு, அடுத்த சாப்பாடு தாமதமானால்தான். ஐயாவின் பையில் இப்போது குளுக்கோஸ் பொட்டலம் இருக்கிறது. மாலைப் பசிக்குச் சுண்டல்.

ஆறிய துண்டுகளை எவர்சில்வர் டப்பாவில் போட்டு வைத்தால் நம் ஊர்ப் புழுக்கத்தில் ஒரு வாரம் தாங்கும், ஃபிரிட்ஜில் இன்னொரு வாரம். திறந்ததும் பழைய எண்ணெய் மாதிரி காறல் வாடை வந்தால் கடலையும் எள்ளும் கெட்டுவிட்டன என்று அர்த்தம்.

அந்தத் தாய் மூன்று வாரம் கழித்து வந்தார். ஓட்ஸுக்குப் பதில் அவல் போட்டுச் செய்தாராம், பையன், "இது பொரி உருண்டைதானே, ஏன் சதுரமா இருக்கு?" என்று கேட்டிருக்கிறான். ஒரு நாளைக்கு ஒன்றுதான் என்று ஒத்துக்கொண்டிருக்கிறான். பேசிக்கொண்டே பையிலிருந்து எதையோ எடுத்தார். மறுபடி பார் கவர்தான் என்று நினைத்தேன். தினம் இரண்டு வேளை பாலில் கலக்கும் ஹெல்த் டிரிங்க் டப்பா. பின்பக்கத்தை அவரே என் பக்கம் திருப்பி வைத்தார்.