குளுக்கோஸ், இரத்தச் சர்க்கரை, நீரிழிவு: எது எதைக் குறிக்கிறது?

"உங்களுக்குச் சுகர் இருக்கா?" என்று யாரைக் கேட்டாலும் "இருக்கு" என்பதுதான் சரியான பதில், ஏனென்றால் இரத்தத்தில் சர்க்கரை இல்லாமல் மூளை வேலை செய்யாது. பொருளின் பெயரையே நோய்க்கும் வைத்துவிட்டதால் வந்த குழப்பம் இது.

குளுக்கோஸ் என்ற பெயர் 1838இல் பிரான்ஸில் சூட்டப்பட்டது. புதிதாகப் பிழிந்த திராட்சைச் சாற்றைக் குறிக்கும் கிரேக்கச் சொல்தான் அதன் வேர். பொருத்தமான பெயர்தான், 1747இலேயே மார்க்கிராஃப் என்ற ஜெர்மன் வேதியியலர் இந்தச் சர்க்கரையை உலர்திராட்சையிலிருந்து பிரித்தெடுத்திருந்தார். தமிழில் வேதிப்பொருளுக்குக் குளுக்கோஸ் என்பதே நிலைத்துவிட்டது, அப்படியே இருக்கட்டும். பரிசோதனையில் வரும் எண்ணுக்கு 'இரத்தச் சர்க்கரை அளவு', தனித்தமிழில் 'குருதிச் சர்க்கரை அளவு'. நோய்க்கு நீரிழிவு.

நீரிழிவு என்பதில் உள்ள 'இழிதல்' கீழே இறங்குதல், வழிதல் என்று பொருள்படும். டயாபடீஸ் என்ற கிரேக்கச் சொல்லுக்கும் ஊடே கடந்து ஓடுதல் என்றுதான் பொருள். சிறுநீரகம் தான் வடிகட்டிய சர்க்கரையைத் திரும்ப உறிஞ்சி இரத்தத்துக்கே அனுப்பிவிடும், ஆனால் இரத்தத்தில் அளவு டெசிலிட்டருக்கு, அதாவது 100 மில்லிலிட்டருக்கு, ஏறக்குறைய 180 மில்லிகிராமைத் தாண்டினால் அதனால் முடியாது, மிஞ்சியது சிறுநீரில் இறங்கும், போகும்போது தண்ணீரையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும். அடிக்கடி சிறுநீர், அப்புறம் தீராத தாகம், இரண்டும் இதனால்தான். ஆனால் வெறும் வயிற்றில் 126 வந்தாலே நீரிழிவாக இருக்கலாம். அதாவது, நோயின் பெயர் சொல்லும் அறிகுறி கண்ணில் படுவதற்கு வெகுகாலம் முன்பே நோய் வந்திருக்க முடியும். "எனக்குத் தாகமே இல்லையே" என்று பரிசோதனையைத் தள்ளிப்போடுகிறவர்களை நினைத்தால் எனக்குக் கவலையாக இருக்கிறது.

எண்ணை மட்டும் சொன்னால் போதாது, எப்போது எடுத்தது என்றும் சொல்ல வேண்டும். ஒரு டெசிலிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்ற கணக்கில், எட்டு மணி நேரமாவது சாப்பிடாமல் எடுத்தால் 70 முதல் 99 வரை இயல்பு. 100 முதல் 125 வரை நீரிழிவுக்கு முந்தைய நிலை என்று அமெரிக்க நீரிழிவுச் சங்கம் வகுத்திருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் அதை 110இல் தொடங்குகிறது. 126ம் அதற்கு மேலும் வந்தால், அறிகுறி இல்லாதவருக்கு இன்னொரு பரிசோதனை செய்து உறுதிப்படுத்துவார்கள். இதே 126 சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து வந்திருந்தால் பதறவே வேண்டாம். காய்ச்சல், தொற்று, ஸ்டீராய்டு மருந்து இவையும் அளவை ஏற்றும். பழம் உரித்த கையைக் கழுவாமல் விரலில் குத்திப் பார்த்தால்கூட கருவி கூட்டிக் காட்டும்.

70க்குக் கீழே போனால் தாழ் சர்க்கரை. இன்சுலின் போடுகிறவர்களுக்கும் சில மாத்திரைகள் எடுப்பவர்களுக்கும் இதுதான் அவசரம்: வியர்வை, நடுக்கம், படபடப்பு, பேச்சில் குழறல். நினைவு இருந்தால் உடனே 15 கிராம் சர்க்கரை அல்லது குளுக்கோஸ் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். நினைவு தப்பியிருந்தால் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள்.