மறைந்த விண்டோ எங்கே போகிறது?

விண்டோஸ் கணினியில் கன்ட்ரோல், விண்டோஸ் விசைகளைப் பிடித்துக்கொண்டு ‘டி’யைத் தட்டினால் காலியான புதிய டெஸ்க்டாப் ஒன்று வந்து நிற்கும். அதுவரை திரையை அடைத்துக்கொண்டிருந்த எக்செல், பிரவுசர் எதையும் காணோம். அதே இரு விசைகளோடு இடது அம்புக்குறியைத் தட்டினால் எல்லாம் வைத்தது வைத்தபடி திரும்பி வருகின்றன. இடையில் அவை எங்கே இருந்தன?

எங்கும் போகவில்லை. கணினிக்குள் இன்னொரு மேசையும் முளைக்கவில்லை. ‘இது இந்த டெஸ்க்டாப்பைச் சேர்ந்தது’ என்ற சிறு குறிப்பு ஒவ்வொரு விண்டோவோடும் இருக்கிறது. குறிப்பு பொருந்தினால் காட்டு, பொருந்தாவிட்டால் மறை. மெய்நிகர் டெஸ்க்டாப்பின் சூட்சுமம் இவ்வளவே.

லினக்ஸில் இதை மூடியைத் திறந்தே பார்க்கலாம். பல லினக்ஸ் கணினிகளில் திரைக்காட்சியைக் கவனிக்கும், 1984இல் எம்ஐடியில் பிறந்த எக்ஸ் விண்டோ அமைப்பில், விண்டோக்களை அடுக்கும் வேலை விண்டோ மேனேஜர் என்ற தனி நிரலுடையது. மற்ற நிரல்கள் ‘என் விண்டோவைக் காட்டு’ என்று கேட்டால், எக்ஸ் அந்தக் கோரிக்கையை இதனிடம் தள்ளிவிடும். இந்த அதிகாரம் ஒரு நேரத்தில் ஒரே நிரலுக்குத்தான்; இரண்டாவதாக வருவதற்குப் பிழைச் செய்திதான் மிஞ்சும். டெஸ்க்டாப் குறிப்பு வெறும் எண்: முதல் டெஸ்க்டாப் 0, அடுத்தது 1. எல்லா டெஸ்க்டாப்பிலும் தெரிய வேண்டிய விண்டோவுக்கு 4294967295. முப்பத்திரண்டு பிட்டும் ஒன்றாக இருக்கும்போது வரும் எண் அது.

மறைப்பதில் ஆளுக்கொரு பாணி. பல விண்டோ மேனேஜர்கள் விண்டோவைக் காட்சியிலிருந்தே விலக்கிவிடும். டிடபிள்யூஎம் என்ற குட்டி நிரலோ அதை அதன் அகலத்தைப் போல் இரு மடங்கு தூரம் திரைக்கு இடப்புறம் தள்ளி வைக்கிறது. கேட்கச் சிரிப்பாக இருக்கலாம். ஆனால் பிசகாமல் வேலை செய்கிறது. விண்டோஸ், விண்டோவின் மேல் மாயப் போர்வை ஒன்றைப் போர்த்துகிறது: கண்ணுக்குத் தெரியாது, ஆனால் அதன் படம் உள்ளே தயாராகிக்கொண்டே இருக்கும்.

டெஸ்க்டாப் மாறினால் கணினியின் பாரம் குறையும் என்று நம்புகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். மறைந்த நிரல் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது, நினைவகத்தைத் தின்றுகொண்டுதான் இருக்கிறது. 1920க்கு 1080 புள்ளிகள் கொண்ட திரையை நிறைக்கும் ஒரு விண்டோவின் படத்துக்கு மட்டுமே, புள்ளிக்கு 4 பைட் வீதம், ஏறத்தாழ 83 லட்சம் பைட் ஆகும். அந்தப் படம் கையில் இருப்பதால்தான் மாற்றம் சட்டென்று நடக்கிறது. படத்தைச் சேமித்து வைக்காத பழைய முறையில், திரும்பி வரும் ஒவ்வொரு விண்டோவும் தன்னைப் புதிதாக வரைந்துகொள்ள வேண்டும். மெதுவான கணினியில் அது கண்ணெதிரே தெரியும்.

நினைவகத்துக்கும் இந்த யோசனைக்கும் வேறொரு உறவும் உண்டு. ஒரு நிரல் தன் முழு நினைவகத்தையும் ஒரே நேரத்தில் தொடுவதில்லை, அப்போதைக்கு வேண்டிய சில ‘பக்கங்களை’யே, அதாவது நினைவகத் துண்டுகளையே, திரும்பத் திரும்பத் தொடுகிறது என்று கணினி அறிஞர் பீட்டர் டென்னிங் 1968இல் விளக்கினார். அந்தப் பக்கங்களுக்கே இடம் போதாவிட்டால், கணினி வேலையை விட்டுவிட்டு அவற்றை ஏற்றி இறக்குவதிலேயே பொழுதைக் கழிக்கும். ஜெராக்ஸ் பார்க் ஆய்வகத்தின் ஆஸ்டின் ஹெண்டர்சனும் ஸ்டூவர்ட் கார்டும் 1986இல் வெளியிட்ட ஆய்வில், சிறிய திரைமுன் உட்கார்ந்த மனிதரும் இதே அவதியைத்தான் படுகிறார் என்றார்கள். ஒவ்வொரு வேலைக்கும் சில விண்டோக்கள் சேர்ந்தே தேவைப்படுகின்றன. இடமில்லாததால் கை அவற்றை நகர்த்திக்கொண்டே இருக்கிறது. ஆகவே கூட்டத்தை மொத்தமாக மாற்று! அவர்களின் ‘ரூம்ஸ்’ அப்படித்தான் பிறந்தது: ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஓர் அறை. ஆப்பிள் இந்த வசதியை மேக்கில் சேர்த்தது 2007இல். மைக்ரோசாஃப்ட் தன் விண்டோஸிலேயே சேர்த்துத் தர 2015 ஆயிற்று.

வந்து சேர்ந்ததும் அரைகுறைதான் என்பேன். ரூம்ஸில் ஒரே விண்டோ ஓர் அறையில் பெரிதாகவும் இன்னொன்றில் மூலையில் சிறிதாகவும் இருக்கலாம். எல்லா அறைக்கும் கூடவே வர வேண்டியதைப் போட்டு வைக்க ஒரு ‘சட்டைப்பை’யும் இருந்தது. இன்றைய விண்டோஸில் சட்டைப்பை மட்டும் உண்டு: ஒரு விண்டோ ஒரு டெஸ்க்டாப்பில் இருக்கும், இல்லையென்றால் எல்லாவற்றிலும் இருக்கும். இரண்டில் மட்டும் வேண்டும், மூன்றாவதில் வேண்டாம் என்று கேட்டால் வழியில்லை. அதற்கு மீண்டும் டிடபிள்யூஎம் போன்ற நிரலிடம்தான் போக வேண்டும். அதில் ஒரே விண்டோவுக்குப் பல குறிப்புகள் வைக்கலாம்.