சித்திரை வெயிலும் 25 வாட் கரண்ட் சிங்க்கும்

யு.பி.எஸ். பேட்டரி இன்னும் தாங்குமா என்று பார்க்க முன்பெல்லாம் 12 வோல்ட் பைக் பல்பைத்தான் மாட்டி வைப்பேன். பேட்டரி இறங்க இறங்க பல்பு இழுக்கும் கரண்டும் குறையும், கணக்கு சரியாக வராது. கரண்ட் சிங்க் என்பது பேட்டரியிலிருந்து ஒரே அளவு கரண்டை இழுக்கும் சர்க்யூட். ஆப் ஆம்ப் (இரண்டு வோல்டேஜை ஒப்பிட்டு அவுட்புட்டை மாற்றும் ஐ.சி.) வைத்த கரண்ட் சிங்க்கில் அந்தத் தொல்லை இல்லை. கரண்ட் ஒரே அளவில் நிற்கும், கடிகாரத்தைப் பார்த்தே ஆம்பியர் ஹவர் சொல்லிவிடலாம்.

சர்க்யூட் சின்னதுதான். மாஸ்ஃபெட் ஒரு குழாய் மாதிரி: ட்ரெயின் காலில் நுழைந்து சோர்ஸ் காலில் வெளியேறும் கரண்டை, கேட் காலின் வோல்டேஜ் கூட்டிக் குறைக்கும். மாஸ்ஃபெட்டின் சோர்ஸுக்கும் கிரவுண்டுக்கும் நடுவில் 0.1 ஓம் ரெசிஸ்டர். அதில் விழும் வோல்டேஜ் ஆப் ஆம்ப்பின் மைனஸ் காலுக்கு, நாம் வைக்கும் 0.2 வோல்ட் பிளஸ் காலுக்கு. இரண்டும் சமமாகும்படி ஆப் ஆம்ப் கேட் வோல்டேஜை ஏற்றி இறக்கிக்கொண்டே இருக்கும். 0.2-ஐ 0.1-ஆல் வகுத்தால் 2 ஆம்பியர். ஆப் ஆம்ப்புக்கு எல்.எம்.358 போதும். ஆனால் அதற்கு 5 வோல்ட் சப்ளை கொடுத்தால் அவுட்புட் 3.5 வோல்ட் அளவிலேயே நின்றுவிடும், மாஸ்ஃபெட் சரியாகத் திறக்காமல் போகலாம். 12 வோல்ட் கொடுங்கள்.

காட்பாடியில் என் பெஞ்சுக்கு வரும் பையன்கள் பலர் இதோடு நிறுத்திவிடுகிறார்கள். போன சித்திரையில் ஒரு பையன், "சார், காலைல நல்லா ஓடுச்சு, மதியம் புகை வந்துடுச்சு" என்று போர்டோடு வந்து நின்றான். மாஸ்ஃபெட்டின் முதுகில் தீப்பெட்டி அளவு அலுமினியத் தகடு. ட்ரெயினிலும் சோர்ஸிலும் மீட்டரை வைத்தேன், பீப் அடித்தது, அதாவது உள்ளே ஷார்ட். சிவப்பு ஒயரின் உறை உருகிச் செம்பு தெரிந்தது.

12.5 வோல்ட், 2 ஆம்பியர் என்றால் 25 வாட். ஏறக்குறைய அத்தனையும் மாஸ்ஃபெட்டில்தான் சூடாகிறது. உள்ளே இருக்கும் சிலிக்கான் 125 டிகிரியைத் தாண்டக்கூடாது என்று வைத்துக்கொள்வோம். வேலூர் கத்திரியில் அறையே 40 டிகிரி. மிச்சம் 85. அதை 25-ஆல் வகுத்தால் வாட்டுக்கு 3.4 டிகிரி. அதில் ஐ.ஆர்.எஃப்.இசட்.44என் மாஸ்ஃபெட்டில் சிலிக்கானிலிருந்து வெளி உறை வரைக்கே 1.5, நடுவில் வைக்கும் மைக்கா இன்சுலேட்டருக்கு ஒரு 0.5. சூட்டைக் காற்றுக்குக் கடத்தும் ஹீட் சிங்க்குக்கு மிஞ்சுவது 1.4தான். தகடு எப்படிப் போதும்? செதில் வைத்த பெரிய ஹீட் சிங்க், பேஸ்ட், ஃபேன் மூன்றும் வேண்டும்.

அப்புறம், கேட்டில் 100 ஓம் போடுங்கள். இல்லாவிட்டால் ஆப் ஆம்ப்பின் அவுட்புட் ஒரு நிலையில் நிற்காமல் வேகமாக ஏறி இறங்கி ஆடலாம், அது சாதாரண மீட்டரில் தெரியாது.

எனக்குப் பெரிய பயம் வேறு. மாஸ்ஃபெட் பெரும்பாலும் ஷார்ட் ஆகித்தான் சாகிறது. ஷார்ட் ஆனபின் ஆப் ஆம்ப் கேட்டை 0-வுக்கு இறக்கினாலும் பயனில்லை. பேட்டரிக்கு எதிரே அந்த 0.1 ஓம் மட்டும்தான் இருக்கும், பல பத்து ஆம்பியர் பாயும். 3 ஆம்பியர் ஃபியூஸ் ஒன்று போடுங்கள். போர்டில் அல்ல, பேட்டரியின் பிளஸ் முனையை ஒட்டி. அப்போதுதான் வழியில் ஒயர் உரசி ஷார்ட் ஆனாலும் ஃபியூஸ் போகும்.