துணியை எண்ணி அனுப்புகிறோம், பாஸ்வேர்டை?

திருப்பூரில் ஜாப் ஒர்க், அதாவது நம் சரக்கை வெளியில் கொடுத்து வேலை செய்து வாங்குவது பற்றி யாருக்கும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. நூல் நிட்டிங்குக்குப் போகும், துணி சாயப்பட்டறைக்குப் போகும், பிரிண்டிங், எம்பிராய்டரி எல்லாம் வெளியில்தான். எத்தனை கிலோ போகிறது என்று டெலிவரி சலான் போடுவார்கள். லேப் டிப், அதாவது சாயம் ஏற்றிய சின்ன மாதிரித் துண்டைப் பார்த்து ஷேடு ஓகே சொன்ன பிறகுதான் மொத்தத் துணியும் சாயத்தில் இறங்கும். திரும்பி வரும்போது எடை குறைந்தால் சண்டைதான். ஜாப் ஒர்க்குக்குப் போன சரக்கு ஒரு வருடத்துக்குள் திரும்பாவிட்டால், அனுப்பிய அன்றே விற்றதாக ஜிஎஸ்டி சட்டம் எடுத்துக்கொள்ளும் என்பதுகூட இங்கே பலருக்கு அத்துப்படி.

அதே முதலாளிகள் கம்ப்யூட்டர் வேலையை வெளியூர் டீமிடம் கொடுக்கும்போது சலானும் கிடையாது, லேப் டிப்பும் கிடையாது. ஆடிட்டராக இதைப் பார்த்துப் பார்த்து எனக்கு அலுத்துவிட்டது.

என் கிளையன்ட் ஒருவர், பனியன் கம்பெனி வைத்திருக்கிறார். வெப்சைட், ஆன்லைன் ஆர்டர், கேட்லாக் எல்லாவற்றையும் போனிலேயே பேசி ஒரு டீமிடம் ஒப்படைத்தார். மூன்று வருடம் நன்றாகத்தான் ஓடியது. ஒருநாள் சைட் திறக்கவில்லை. விசாரித்தால், டொமைனை, அதாவது வெப்சைட் முகவரிக்கான பதிவைப் புதுப்பிக்கவில்லை. அந்தப் பதிவு டீம்காரரின் பெயரில், அவருடைய மெயிலில் இருந்தது. அவர் போனை எடுக்கவில்லை. இவரோ அட்டைப்பெட்டி முழுக்க அந்த முகவரியை அச்சடித்து வைத்திருக்கிறார்.

"பணம் நாந்தானுங்க சார் கட்டுனேன், அப்புறம் எப்படி அது அவர் பேர்ல இருக்கும்?" என்று கேட்டார். வீட்டு மனை வாங்கும்போது வில்லங்கம் போட்டுப் பார்க்காமல் அட்வான்ஸ் கொடுக்காத மனிதர் அவர்.

சாஃப்ட்வேரில் இது இன்னும் மோசம். 1957ஆம் ஆண்டு பதிப்புரிமை (காப்பிரைட்) சட்டப்படி, சம்பளத்துக்கு இருக்கும் ஊழியர் தன் வேலையின் பகுதியாக எழுதிய நிரலுக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், முதலாளிதான் உரிமையாளர். வெளி டீம் எழுதினால் அப்படி இல்லை. நீங்கள் முழுத் தொகையையும் கொடுத்திருந்தாலும், உரிமையை உங்களுக்கு மாற்றி அவர்கள் எழுதிக் கையெழுத்துப் போடாதவரை அது அவர்களுடையது. கூலி கொடுத்து எடுக்கச் சொன்ன போட்டோவுக்கு இதில் விலக்கு உண்டு, நிரலுக்கு இல்லை. எழுதி வாங்கினாலும், எத்தனை காலத்துக்கு என்று குறிக்காவிட்டால் 5 வருடம்தான். எந்த நாடுகளுக்கு என்று குறிக்காவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும்தான். ஏற்றுமதி செய்கிறவர்கள் கடைசி வரியை இன்னொரு தடவை படித்துக்கொள்ளுங்கள்.

சரி, எதிலிருந்து தொடங்குவது? தலைவலியாக இருக்கிற வேலையைத்தான் எல்லோரும் முதலில் தள்ளிவிடப் பார்க்கிறார்கள். எப்படிச் செய்வதென்று நமக்கே தெளிவில்லாத வேலை, முகம் பார்க்காத ஒருவரிடம் போய்த் தெளிவாகிவிடாது. வாரா வாரம் ஒரே மாதிரி நடக்கிற வேலையாக ஒன்றை எடுங்கள். பர்ச்சேஸ் பில்களை டேலி கணக்கு சாஃப்ட்வேரில் ஏற்றுவது நல்ல தொடக்கம். இப்போது அதைச் செய்கிறவர் செய்யச் செய்ய, திரையை அப்படியே வீடியோவாகப் பதிவு செய்துகொள்ளுங்கள். அப்புறம் ஒரு மாதப் பில்லை மட்டும் கொடுத்து, நீங்கள் ஏற்கெனவே போட்ட கணக்கோடு ஒத்துப் பாருங்கள். உங்கள் லேப் டிப் அதுதான்.

இரவு பதினொரு மணிக்கு வாய்ஸ் நோட்டில் வேலை சொல்லும் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள். எதிர்முனையில் "ஓகே சார்" என்று வருகிறதே, காதில் விழுந்தது என்றுதான் அதற்கு அர்த்தம். என்ன புரிந்துகொண்டார்கள் என்பதை நான்கு வரியில் எழுதி அனுப்பச் சொல்லுங்கள். பாதிச் சண்டை அங்கேயே தீர்ந்துவிடும்.

பாஸ்வேர்டு விஷயத்துக்கு வருகிறேன். டேலியில் தனி யூசர் போட்டு, தேவையான அளவு உரிமை மட்டும் கொடுக்க முடியும். சரக்கு அனுப்ப எடுக்கும் இ-வே பில் தளத்திலும் துணை யூசர் வசதி இருக்கிறது. இருந்தும் முதலாளியின் ஒரே பாஸ்வேர்டு ஐந்து ஊர்களில் சுற்றிக்கொண்டிருக்கும். பேங்கில் பார்க்க மட்டும் அனுமதி கொடுங்கள். ஓடிபி உங்கள் போனைத் தாண்டக் கூடாது. யாருக்கு எதைத் திறந்துவிட்டோம், என்றைக்கு மூடினோம் என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். டீம் மாறுகிற அன்றைக்கு அந்த நோட்டுத்தான் சலான்.

தொழிலாளர்களின் ஆதார் நகல், பிஎஃப் எண், பேங்க் விவரம் எல்லாம் வாட்ஸ்அப்பில் பறப்பதையும் பார்க்கிறேன். 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில், சம்பளக் கணக்கை வெளி டீம் போட்டாலும் பொறுப்பு உங்களுடையதுதான். தக்க பாதுகாப்பு செய்யாமல் விட்டதற்கான அபராதத்தின் உச்ச வரம்பு 250 கோடி ரூபாய். சின்ன கம்பெனிக்கு அவ்வளவு போடுவார்களா என்று என்னிடம் கேட்காதீர்கள், அனுப்புவதை முதலில் நிறுத்துங்கள்.

பணம் கொடுப்பதிலும் ஒன்று இருக்கிறது. அந்த டீம் உத்யம் என்ற அரசுத் தளத்தில் பதிவு செய்த குறு அல்லது சிறு நிறுவனம் என்றால், எழுத்து ஒப்பந்தம் இல்லாதபோது 15 நாளில் பணம் போயாக வேண்டும். ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளைத் தாண்டக் கூடாது. தாண்டினால், வருமான வரிக் கணக்கில் பணம் கொடுத்த வருடத்தில்தான் அந்தச் செலவு கழியும். துணி சப்ளையருக்கு மட்டும்தான் இது என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

இதையெல்லாம் அந்தக் கிளையன்டிடம் ஒரு மணி நேரம் விளக்கினேன். புது டொமைனைத் தன் பெயரிலேயே பதிவு செய்துவிட்டார். பழைய பெட்டிகள் மேல் ஸ்டிக்கர் ஒட்டும் வேலை இன்னும் முடியவில்லை. எல்லாம் கேட்டுவிட்டு எழுந்தவர், வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே திரும்பினார்.

"ஏனுங்க சார், என் ஜிஎஸ்டி போர்ட்டல்ல உங்க மெயிலும் உங்க ஆபீஸ் நம்பரும்தானே இருக்குது? அத எப்ப மாத்தறீங்க?"

மறுநாளே மாற்றிக் கொடுத்தேன். இன்னும் மற்ற கிளையன்டுகள் இருக்கிறார்கள்.