புறத்துறிஞ்சி: எண்ணெயைப் பிடிக்கும் காந்தத் தூள்

கடலில் கசிந்த எண்ணெயைத் தன் மேற்பரப்பில் பிடித்துக்கொண்டு, பிறகு காந்தத்தோடு வெளியேறும் தூளுக்குக் காந்தப் புறத்துறிஞ்சி என்று பெயர். வெறும் 'உறிஞ்சி' என்று எழுதுவோரும், 'அட்சோர்பன்ட்' என்று அப்படியே விட்டுவிடுவோரும் உண்டு. இரண்டும் போதாது.

அட்சோர்ப்ஷன் என்ற சொல்லை 1881இல் ஜெர்மன் இயற்பியலாளர் ஹைன்ரிக் கைசர் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார். 'சொர்பேரே' என்றால் இலத்தீனில் உறிஞ்சுதல். 'அட்' என்ற முன்னொட்டு அண்டி நிற்பதைக் காட்டும். உள்ளே புகுந்துவிட்டால் அது அப்சோர்ப்ஷன். நம் இலங்கைப் பாடநூல்களில் முன்னது புறத்துறிஞ்சல், பின்னது அகத்துறிஞ்சல். தமிழ்நாட்டில் பரப்புக் கவர்தல் என்றும் வழங்குகிறது. ஆனால் காந்தமும் கவர்வதுதானே? ஒரே வாக்கியத்தில் இரண்டு கவர்தல் வந்தால் எது எதை இழுக்கிறது என்று வாசகர் தடுமாறுவார். என் வாக்கு புறத்துறிஞ்சலுக்கே.

முல்லைத்தீவுக் கரையில் படகு இயந்திரம் திருத்துபவருக்கு இந்த வேறுபாடு புதிதல்ல. மண்ணெண்ணெயில் ஊறிய ரப்பர் வாஷர் வீங்கி, பழைய இடத்தில் பொருந்த மறுக்கும். எண்ணெய் ரப்பருக்குள்ளேயே போய்விட்டது; அது அகத்துறிஞ்சல். பக்கத்தில் கிடந்த இரும்பு ஆணியோ துளியும் பருக்காது, எண்ணெய் மேலே படலமாக நிற்கும். தூள் இந்த இரண்டாம் வகை. பரப்பில்தான் வேலை நடப்பதால், எவ்வளவு நுண்மையாக அரைக்கிறோமோ அவ்வளவு எண்ணெய் பிடிக்கும்.

'காந்தம்' வடமொழி 'அயஸ்காந்த'த்தின் சுருக்கம். இரும்பு விரும்புவது என்று பொருள். இங்கே அந்தப் பங்கை ஏற்பது மக்னடைட் என்ற இரும்பு ஒட்சைட்டு. அதற்குச் சுரங்கம் தோண்ட வேண்டியதில்லை. உருக்காலையில் பழுக்கக் காய்ந்த இரும்பைத் தகடாக உருட்டும்போது உதிரும் செதிலில் அது இருக்கிறது. நிலக்கரிச் சாம்பலிலும் காந்தத்தில் ஒட்டும் நுண் உருண்டைகள் உண்டு. நுரைச்சோலை அனல்மின் நிலையத்தில் எரிவதும் நிலக்கரிதான்.

கழிவை அப்படியே தூவினால் நீரிலும் நனையும். அதனால் ஒலெயிக் அமிலம் போன்ற கொழுப்பமிலம் ஒன்றைப் பூசுகிறார்கள். அதன் ஒரு முனை இரும்பைப் பற்றும், நீண்ட வால் நீரை விலக்கி எண்ணெயோடு சேரும். எண்ணெய் பிடித்த தூளைக் காந்தத்தால் வாரி, கரைப்பானில் கழுவி மறுபடி பயன்படுத்தலாம். அலையடிக்கும் கடலில் முழுவதையும் வாரியெடுப்பது எளிதல்ல. தப்பிய தூள் எண்ணெயையும் சுமந்துகொண்டு அடியில் படியக்கூடும். பொருளுக்குப் புறத்துறிஞ்சி, செயலுக்குப் புறத்துறிஞ்சல் என்று எழுதலாம். தலைப்பில் இடம் போதவில்லை என்று 'காந்த'த்தை மட்டும் வெட்டிவிடாதீர்கள்.